ஒற்றையாள் கம்பெனியில் ஒரு வேலைநிறுத்தம்

வேலையை விட்ட அன்று சப்டைட்டில்காரர் ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தார். வாசலில் நின்றபடியே அறிவித்தார்.

"இனிமே எனக்கு நானே முதலாளி!"

அவருடைய மனைவி அப்போதுதான் பஸ் டூட்டி முடிந்து வந்து, கால்களை வெந்நீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருவுக்கே அவர் கண்டக்டரம்மா. டிப்போவில் தொழிற்சங்கக் கிளைச் செயலாளரும் அவர்தான். முதலாளி என்ற சொல்லைக் கேட்டதும் வாளியிலிருந்து ஒரு காலை வெளியே எடுத்தார்.

"ஆள் எப்படி? நல்ல மாதிரியா?"

"யாரு?"

"அதான், புது முதலாளி."

சப்டைட்டில்காரர் சிரித்தார். கண்டக்டரம்மா சிரிக்கவில்லை. நல்ல முதலாளி என்று ஒருவரை அவர் தம் பணிக்காலத்தில் பார்த்ததே கிடையாது.

அவர் சந்தேகப்பட்டது சரியாய்ப் போயிற்று. சப்டைட்டில்காரரின் தொழில், சினிமாவுக்கும் தொடருக்கும் திரைக்குக் கீழே ஓடும் எழுத்துகளைச் செய்து கொடுப்பது. ஒருவர் பேசத் தொடங்கும் நொடியில் எழுத்து வரவேண்டும், வாயை மூடும் நொடியில் போய்விட வேண்டும். எவ்வளவு பேசினாலும் இரண்டு வரிக்குள் அடக்க வேண்டும். காது கேளாதவர்களுக்காகப் பேச்சு மட்டுமல்ல, சத்தங்களையும் எழுத வேண்டும். பழைய கம்பெனியில் ஒரு மேனேஜர் இருந்தார். யாராவது கழிவறைக்குப் போனால் வெளியே நின்று தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலுக்குப் பயந்துதான் இவர் வேலையை விட்டார். ஆனால் புது முதலாளி கழிவறைக்கே விடவில்லை. "இந்த ஒரு சீன் முடியட்டும், அப்புறம் போ" என்பார். அந்த சீன் முடியும். அடுத்த சீன் தொடங்கும். பேயை விட்டு ஓடிப் பூதத்தின் மடியில் உட்கார்ந்த கதை.

முதலாளியான சந்தோஷத்தில் சப்டைட்டில்காரர் ஒரு சுழல் நாற்காலி வாங்கினார். பழசுதான், ஒரு பக்கம் கைப்பிடி இல்லை. அதில் இரண்டு நாள் சுற்றிச் சுற்றி உட்கார்ந்தார். மூன்றாம் நாளிலிருந்து அதில் துவைத்த துணிகள் உட்கார்ந்தன. வேலை கட்டிலுக்குப் போயிற்று. தலையணையைச் சுவரில் சாய்த்து, முதுகைத் தலையணையில் சாய்த்து, லேப்டாப்பை வயிற்றின் மேல் வைத்துக்கொள்வார். முதலில் வயிறு தட்டையாக இருந்ததால் லேப்டாப் சரிந்தது. நாளடைவில் வயிறே ஒரு மேசையாக வளர்ந்து அந்தக் குறையைத் தீர்த்தது.

மதியச் சாப்பாடு என்பது பிஸ்கட். ராத்திரிச் சாப்பாடு என்பது மதியம் சாப்பிட மறந்த சோறு. குளியல் என்பது, வாடிக்கையாளர் வீடியோவில் கூப்பிட்டால் மட்டும். அதுவும் கழுத்துக்கு மேலேதான்.

வேலை அவர் மண்டைக்குள் அப்படி ஊறிப் போயிருந்தது. வாசலில் யாராவது தட்டினால் எழுந்து போய்த் திறக்கமாட்டார். விரல் தானாக [கதவு தட்டும் ஓசை] என்று அடித்துவிடும். பிறகு அழித்துக்கொள்வார். தட்டியவர் அதற்குள் போயிருப்பார். கண்டக்டரம்மா டிப்போ கதையைச் சொல்லத் தொடங்கினால், "இது ரெண்டு வரியில அடங்காதும்மா, கொஞ்சம் சுருக்கு" என்பார்.

"உங்களைச் சுருக்கினாலே நாலு வரி வரும்" என்பார் கண்டக்டரம்மா, வயிற்றைப் பார்த்துக்கொண்டு.

சிரிப்பும் கிண்டலுமாகப் போய்க்கொண்டிருந்தது, ஒருநாள் காலை டீ தம்ளர் அவர் வலது கையிலிருந்து நழுவி விழும்வரை. நழுவியதுகூடப் பெரிதில்லை. நழுவியது அவருக்குத் தெரியவில்லை. விரல்கள் இன்னும் பிடித்திருப்பதாக நினைத்து வெறும் கையை வாய்க்குக் கொண்டுபோய் உறிஞ்சினார்.

பிசியோதெரபி அம்மா மல்யுத்தம் பழகியவர்போல் இருந்தார். சப்டைட்டில்காரரின் கழுத்தை ஒருபுறம் திருப்பினார், மறுபுறம் திருப்பினார். இவர் போட்ட சத்தம் வெளியே காத்திருந்தவர்களில் இருவரை வீட்டுக்கு அனுப்பியது.

"இந்தக் கழுத்து உங்களோடதுதானா, இல்ல யார்கிட்டயாவது இரவல் வாங்கினீங்களா?"

"ஏங்க?"

"சொந்தக் கழுத்தை யாரும் இப்படி வெச்சுக்கமாட்டாங்க. குனிஞ்சு குனிஞ்சு நரம்பு அழுந்திக் கெடக்கு. விரல்ல உணர்ச்சி குறைய ஆரம்பிச்சிருச்சு. இப்படியே போச்சுன்னா அந்தக் கையால சட்டைப் பித்தான்கூடப் போட முடியாது. டைப் அடிக்கறதைப் பத்தி அப்புறம் கனவுதான் காணணும்."

சப்டைட்டில்காரருக்கு வேறு தொழில் தெரியாது. அந்தக் கையை நம்பித்தான் கம்பெனி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். நிமிர்ந்து உட்கார வேண்டும், அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்க வேண்டும் என்று பிசியோதெரபி அம்மா சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டியிருந்தார், ஆட முடிந்த அளவுக்கு.

"என்ன சொல்றார் உங்க முதலாளி?" என்று கேட்டார் கண்டக்டரம்மா.

சப்டைட்டில்காரர் பெருமூச்சு விட்டார். "கோர்ட்டு படம் ஒண்ணு கைல இருக்கும்மா. டைரக்டர் அவசரப்படறார். அது முடியட்டும்னு பாக்கறேன்."

"பாக்கறது யாரு? நீங்களா, முதலாளியா?"

"ரெண்டும் நான்தானே!"

"அங்கதான் சூட்சுமம். நோகறது ஒருத்தருக்கு, 'முடியட்டும்'னு சொல்றது இன்னொருத்தர்." கண்டக்டரம்மா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். டிப்போ மேலாளர் அறைக்குள் நுழையும்போது செய்வதுபோல். "உடம்பு முடியாத ஆளுக்கு ஓய்வு குடுக்கமாட்டாராமா? எங்க அந்த ஆளு? கூப்பிடுங்க, பேசித் தீத்துக்கலாம்."

சப்டைட்டில்காரர் விளையாட்டு என்று நினைத்தார். கண்டக்டரம்மா சுழல் நாற்காலியிலிருந்து துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டார். எதிரே சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து வைத்தார். நடுவில் தாம் நின்றுகொண்டார்.

"முக்காலியில உக்காந்தா நீங்க தோழர். நாற்காலியில உக்காந்தா நீங்க சார். மாறி மாறிப் பேசலாம். முதல்ல தோழர் சொல்லட்டும்."

சப்டைட்டில்காரர் முக்காலியில் உட்கார்ந்தார். "மதியம் சோறு திங்க அரைமணி நேரம் வேணும்."

"போதாது. ஒரு மணி நேரம்னு கேளுங்க. அப்பத்தான் அரைமணி கிடைக்கும்."

"ஒரு மணி நேரம்."

"இப்ப மாறி உக்காருங்க. சார், உங்க பதில்?"

சப்டைட்டில்காரர் எழுந்துபோய்ச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். அது லேசாகச் சுழன்றது. உட்கார்ந்ததும் என்ன ஆயிற்றோ, கால்மேல் கால் போட்டுக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார். தொண்டையைச் செருமினார்.

"ஒரு மணி நேரமா? கம்பெனி என்ன கல்யாண மண்டபமா?"

கண்டக்டரம்மாவே ஒரு கணம் பின்வாங்கினார். "சார், ஆளுக்குக் கை மரத்துப் போகுது."

"மரத்துப் போனா இடது கையால அடிக்கச் சொல்லுங்க. ரெண்டு கை எதுக்குக் குடுத்திருக்கு?"

"நடக்கணும்னு சொல்லியிருக்காங்க."

"வேலை நடந்தா போதும். ஆள் எதுக்கு நடக்கணும்?"

"வாரத்துல ஒருநாள் லீவு?"

"போன மாசம் கரண்ட் போச்சே, அன்னிக்கு எடுத்தாரே!"

சொல்லிவிட்டுச் சப்டைட்டில்காரர் தம் வாயைத் தாமே பொத்திக்கொண்டார். இவ்வளவு கல்நெஞ்சன் தமக்குள் குடியிருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. பேச்சுவார்த்தை முறிந்தது. கண்டக்டரம்மா கதவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"தோழர், நாளைக்கு ஸ்டிரைக். காலைல வாசலுக்கு வந்துடுங்க."

மறுநாள் கண்டக்டரம்மாவுக்கு வார விடுமுறை. பிஸ்கட் அட்டைப் பெட்டியைக் கிழித்துத் தட்டி தயாரித்தார். பிஸ்கட் பெட்டிக்கு வீட்டில் பஞ்சமே இல்லை. ஒன்றில் "கழுத்தை முறிக்காதே!" என்றும், இன்னொன்றில் "சோறு போடு, அப்புறம் வேலை கேள்!" என்றும் எழுதிக் கணவர் கையில் கொடுத்தார். தம் வீட்டு வாசலில், தம்மை எதிர்த்து, சப்டைட்டில்காரர் உட்கார்ந்தார். கண்டக்டரம்மா முழங்கினார்.

"கேட்பது என்ன, கேட்பது என்ன?"

"மதியச் சோறு, மதியச் சோறு" என்றார் சப்டைட்டில்காரர் மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி.

"சத்தமா! உள்ள இருக்கற முதலாளிக்குக் கேக்கணும்."

"முதலாளி வெளியதானேம்மா உக்காந்திருக்கார்?"

"குழப்பாதீங்க தோழர்."

பக்கத்துக் கடையிலிருந்து டெய்லர் அண்ணன் கழுத்தில் நாடாவோடு ஓடிவந்தார். அவரும் தனி ஆள். மிஷினும் அவரும்தான் கடை.

"என்ன தம்பி, யாரை எதிர்த்து?"

"என்னைத்தான்ணே."

"உன்னை எதிர்த்து நீயா? ஜெயிச்சா யாரு மாலை போடறது?"

"சிரிக்காதீங்கண்ணே. உங்க முதுகு எப்படி இருக்கு?" என்றார் கண்டக்டரம்மா.

டெய்லர் அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். யாரும் அவரை இப்படிக் கேட்டதில்லை. "நிமிர்ந்து வானத்தைப் பாத்து வருஷமாச்சும்மா. மழை பெய்யுதான்னு தரையப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன்." சொல்லிவிட்டு ஒரு தட்டியை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

எதிர்வீட்டு டியூஷன் அக்கா வந்தார். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை பிள்ளைகளுக்குக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்து அவர் தொண்டை போயிருந்தது. "என்னையும் சேத்துக்குங்க" என்று காற்றாகச் சொன்னார். முழக்கமிட அவரால் முடியாது. அதனால் அவருக்குத் தலைமை கொடுத்தார்கள்.

போராட்டம் நன்றாகத்தான் சூடுபிடித்தது. ஆனால் வெயில் ஏற ஏறச் சப்டைட்டில்காரரின் விரல்கள் பரபரக்கத் தொடங்கின. கோர்ட்டு படத்தில் கடைசி சீன் மட்டும் பாக்கி. நீதிபதி தீர்ப்பு சொல்லிவிட்டால் முடிந்தது. பத்து நிமிஷம் போதும். யாருக்குத் தெரியப் போகிறது?

"பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்று எழுந்தார்.

"போங்க தோழர். அதுவும் நம்ம கோரிக்கைதான்" என்றார் கண்டக்டரம்மா பெருமையாக.

போனவர் போனவர்தான். வாசலில் இரண்டு சுற்று முழக்கம் முடிந்தது. டெய்லர் அண்ணன் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்தே முடித்துவிட்டார். கை சும்மா இருக்காதே. டியூஷன் அக்காதான் முதலில் காதைத் தீட்டினார். தொண்டை போனவர்களுக்குக் காது கூர்மை.

"உள்ள யாரோ அழறாங்க" என்றார்.

எல்லோரும் உள்ளே போனார்கள். குளியலறைக் கதவு தாழிட்டிருந்தது. உள்ளே ஒரு பெண் விம்மி விம்மி அழுதாள். ஒரு கனத்த குரல் "அமைதி, அமைதி!" என்றது. பிறகு மேசையில் சுத்தியல் தட்டும் சத்தம்.

கண்டக்டரம்மாவின் முகம் சிவந்தது. படபடவென்று கதவைத் தட்டினார். "கருங்காலி! கதவைத் தொற!"

கருங்காலி என்றால் எந்தத் தொழிற்சங்கத்துக்காரருக்கும் அதற்கு மேல் வசவு இல்லை. எல்லோரும் வெளியே போராட, முதலாளியின் பின்வாசல் வழியாக வேலைக்குப் போகிறவன்.

"சொந்த ஸ்டிரைக்குலயே கருங்காலி வேலை பாத்த மனுஷன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்யா!" என்றார் டெய்லர் அண்ணன்.

"வெளிய வா, உனக்கு இருக்கு!" என்றார் கண்டக்டரம்மா. கோபத்தில் 'ங்க' எல்லாம் பறந்துவிட்டது.

கதவு திறந்தது. சப்டைட்டில்காரர் கவிழ்த்த வாளியின் மேல் லேப்டாப்பை வைத்து, எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. வலது கை விசைப்பலகையின் மேல் கேட்பாரற்றுக் கிடந்தது. அதை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அனுப்பிட்டேன்" என்றார் பாவமாக. "சரிபாக்கறதுக்குள்ள விரல் தானா விழுந்து பட்டனை அமுக்கிடுச்சு."

டைரக்டரிடமிருந்து போன் வர அதிக நேரமாகவில்லை. போனைப் பிடிக்க வலது கை வராததால் கண்டக்டரம்மா ஒலிபெருக்கியில் போட்டார்.

"சார், படத்தைப் பாத்துட்டுதான் பேசறேன்" என்றது டைரக்டரின் குரல். அழுகையா கோபமா என்று சொல்ல முடியவில்லை. "கிளைமாக்ஸ். நீதிபதி எந்திரிச்சு நிக்கறார். கோர்ட்டே கப்சிப். வாயைத் தொறக்கறார். கீழ என்ன வருது தெரியுமா?"

"என்ன சார்?"

"கதவு தட்டும் ஓசை. அடுத்து, 'கருங்காலி, கதவைத் தொற!' அதுக்கடுத்து, கதாநாயகி கைகூப்பி அழறா. கீழ, 'சொந்த ஸ்டிரைக்குலயே கருங்காலி வேலை பாத்த மனுஷன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்யா.' நேரம் மட்டும் சார், ஒரு நொடி பிசகலை. அவ்வளவு கச்சிதம்."

டெய்லர் அண்ணன் வாயில் நாடாவைத் திணித்துக்கொண்டார். டியூஷன் அக்கா சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின. காதில் விழுந்ததையெல்லாம் சப்டைட்டில்காரரின் விரல்கள் பழக்கதோஷத்தில் அடித்துத் தள்ளியிருந்தன.

"நாளைக்கு மாலைக்குள்ள சரிபண்ணிக் குடுங்க. இல்லேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

போன் அணைந்தது. சப்டைட்டில்காரர் யாரையும் பார்க்காமல் அறைக்குள் போனார். யாரும் சொல்லாமலே சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தத் தடவை கால்மேல் கால் போடவில்லை. மடியில் அந்தக் கை கிடந்தது. விரல்களை மடங்கச் சொன்னார். சுண்டுவிரல் கேட்டது, மற்றவை யோசித்தன. முதலாளி அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார். கம்பெனியில் இருப்பதே ஒரே ஆள். அந்த ஆளும் படுத்துவிட்டால் நாற்காலி மட்டும் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"பேசலாம்" என்றார் மெல்ல.

கண்டக்டரம்மா கதவோரம் நின்றார். அவருக்குள்ளிருந்த செயலாளர் கொஞ்சம் ஒதுங்கி மனைவிக்கு வழிவிட்டிருந்தார். "சொல்லுங்க சார்."

"மதியச் சோத்துக்கு ஒரு மணி நேரம். சாயங்காலம் நடை. ஞாயித்துக்கிழமை லீவு. விளக்கு வெச்சா வேலை இல்ல."

"கட்டில்?"

"கட்டில்ல தூக்கம் மட்டும்."

"பிஸ்கட்?"

நாற்காலி ஒரு சுற்று சுற்றியது. "ஒரு டீக்கு ரெண்டு" என்றார் முதலாளி. அதில் மட்டும் அவர் இறங்கிவரவில்லை. சங்கமும் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தது.

"சரி, ரெண்டு பேரும் கை குலுக்குங்க" என்றார் டெய்லர் அண்ணன்.

சப்டைட்டில்காரர் இடது கையால் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் குலுக்குவதை நிறுத்தாமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"பிடிச்சது தெரியலம்மா. இடது கைக்குத் தெரியுது. இதுக்குத் தெரியல."

கண்டக்டரம்மா வந்து அந்தக் கையைத் தாம் வாங்கித் தேய்த்துவிட்டார்.

மறுநாள் கோர்ட்டு படத்தைச் சரிசெய்தது கண்டக்டரம்மாவின் விரல். ஆம், விரல், ஒற்றை விரல். டூட்டியை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சப்டைட்டில்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லச் சொல்ல, டிக்கெட் மிஷினில் எண் அடிப்பதுபோல் ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினார். கொஞ்ச நேரத்துக்கொரு தடவை பஸ் விசிலை எடுத்து ஊதினார்.

"எந்திரிங்க! வாசல் வரைக்கும் போயிட்டு வாங்க. ரைட், ரைட்!"

விசில் சத்தம் தெருவைத் தாண்டிக் கேட்டது. பக்கத்துக் கடையில் டெய்லர் அண்ணன் மிஷினை விட்டு எழுந்து வானத்தைப் பார்த்தார். எதிர்வீட்டில் டியூஷன் அக்கா பிள்ளைகளை வெளியே விரட்டிவிட்டு வெந்நீர் குடித்தார். தெருமுனையில் போய்க்கொண்டிருந்த ஒரு மோட்டார் சைக்கிள்காரர், போலீஸ் என்று நினைத்து வண்டியை நிறுத்தி எல்லாக் காகிதங்களையும் எடுத்துக் காட்டினார். காட்ட ஆள் இல்லை.

நீதிபதி ஒருவழியாகத் தீர்ப்பைச் சொன்னார். டைரக்டர் ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து, கண்டக்டரம்மா டூட்டிக்குப் போகும் நாட்களில் சப்டைட்டில்காரர் தாமே விசில் ஊதித் தாமே எழுந்தார். ஒப்பந்தத்தை மீற முதலாளி அவ்வப்போது முயலாமல் இல்லை. "இந்த ஒரு சீன்" என்று ஆரம்பிப்பார். தெருவில் யாராவது "கருங்காலி!" என்று குரல் கொடுப்பார்கள். பெரும்பாலும் டெய்லர் அண்ணன். சில சமயம் டியூஷன் அக்கா. தொண்டை தேறிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

பிசியோதெரபி அம்மாவிடம் போய் வந்து போய் வந்து, கழுத்து மெல்ல வழிக்கு வந்தது. கண்ணை மூடச் சொல்லி அந்த அம்மா இவர் விரல்களில் ஊசி முனையால் தொட்டுப் பார்ப்பார். "தெரியுதா?" என்பார். "இல்ல" என்பார் இவர். கடைசியாகப் போனபோது கேள்வியே கேட்கவில்லை. தொட்டார்; இவர் "ஆவ்!" என்று துள்ளினார். "இந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருந்தேன். ஆனா பழையபடி ஆட்டம் போட்டீங்க, இந்தப் பக்கமே வராதீங்க" என்றார் பிசியோதெரபி அம்மா.

அன்று சாயங்காலம் டெய்லர் அண்ணனோடு நடந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. கோர்ட்டு பட டைரக்டர்தான்.

"சார், புதுப் படம். பெரிய படம். ஒரே ஒரு ராத்திரி கண் முழிச்சீங்கன்னா காலைல முடிஞ்சுடும். உங்களை விட்டா ஆளில்ல."

உங்களை விட்டால் ஆளில்லை என்ற சொல்லைக் கேட்டதும் சப்டைட்டில்காரருக்குள் இருந்த தொழிலாளி துள்ளி எழுந்தான். "செஞ்சுடலாம் சார்" என்பது நுனிநாக்குவரை வந்துவிட்டது. அவர் நின்றார்.

"ஒரு நிமிஷம் சார். முதலாளிகிட்ட கேட்டுச் சொல்றேன்."

"யாருகிட்ட கேக்கறே?" என்றார் டெய்லர் அண்ணன்.

சப்டைட்டில்காரர் கையைக் காட்டி அவரை அடக்கினார். நடுத்தெருவில் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் நின்றார். உதடுகள் அசைந்தன. ஒரு தடவை கெஞ்சுவதுபோல் இருந்தது. ஒரு தடவை தொண்டையைச் செருமினார்.

"முடியாதுன்னுட்டார் சார். இருக்கறதே ஒரே ஆளாம். அவரும் இப்ப நடக்கப் போயிருக்காராம். திங்கக்கிழமை ஆரம்பிச்சு நிதானமாத்தான் குடுக்க முடியும்கிறார்."

எதிர்முனையில் டைரக்டர் பல்லைக் கடிப்பது கேட்டது. பெரிய படம், வேறு யாரிடமாவது போய்விடலாம். சப்டைட்டில்காரர் காத்திருந்தார்.

"என்னய்யா உங்க முதலாளி இவ்வளவு பிடிவாதக்காரரா இருக்கார்! சரி, திங்கக்கிழமையே ஆரம்பிங்க. தொலையுது."

"முன்ன இதைவிட மோசம் சார். இப்பத்தான் கொஞ்சம் திருந்தியிருக்கார்."

போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். நாலு எட்டு நடந்த பிறகுதான், அத்தனை நேரமும் அதை வலது கையிலேயே பிடித்திருந்தது அவருக்கு உறைத்தது. டெய்லர் அண்ணனிடம் சொல்லத் திரும்பினார். அண்ணன் பின்னால் எங்கோ நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, மழை வரும்போல இருக்கு!"